கீறல் சோதனை ரிப்போர்ட்: ஒரே கோட்டிங்குக்கு ஒருத்தர் 46 நியூட்டன், இன்னொருத்தர் 28 நியூட்டன்

தட்டாஞ்சாவடி டைமேக்கர்

வணக்கம். 0.8 மி.மீ. எஸ்எஸ் 304 தகடு வெட்டுற பிளாங்கிங் பஞ்ச். மெட்டீரியல் டி2 டூல் ஸ்டீல். மேலே பிவிடி (வெற்றிடச் சேம்பர்ல ஆவியாப் படிய வைக்கிற) முறையில் டைட்டானியம் நைட்ரைடு. கோட்டிங் போட்டுக் கொடுத்தவங்க ரிப்போர்ட்டுல எல்சி2 (கீறும்போது கோட்டிங் கழல ஆரம்பிச்ச அழுத்தம்) 46 நியூட்டன்னு இருக்கு. அதே லாட்டுல ஒரு பஞ்சை வெளி லேபுக்கு அனுப்பினா 28 நியூட்டன்னு எழுதி அனுப்புறாங்க. ரெண்டுலயும் "ஐஎஸ்ஓ 20502 படி" என்றுதான் போட்டிருக்கு.

பஞ்சோட நடு முகத்துல ஒரு குறையும் இல்லை. வெட்டுற விளிம்போரம் மட்டும் தங்க நிறம் செதில் செதிலாக் கழண்டு வருது. எந்த ரிப்போர்ட்டை நம்புறது? கோட்டிங் போட்டவங்க பில்லுல பிடித்தம் பண்ணலாமா?

மைக்ரான்

பில்லை அப்புறம் பார்க்கலாம். ரெண்டு ரிப்போர்ட்டும் சரியாவே இருக்கலாம். இந்தச் சோதனையில 120 டிகிரி கூம்பு, 200 மைக்ரான் முனை ஆரம் உள்ள ராக்வெல் சி வைரத்தை மேற்பரப்புல வச்சு, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே இழுக்குறாங்க. முதல் விரிசல் தெரியுற இடத்து அழுத்தம் எல்சி1. ஓரத்துல முதல் செதில் கழண்டா எல்சி2. தடத்துக்கு நடுவுல அடி உலோகம் விடாமத் தெரிய ஆரம்பிச்சா எல்சி3. பெரும்பாலான லேப் இப்படித்தான் எடுக்குறாங்க. ஆனா எதை எல்சி2ன்னு வச்சோம்னு ரிப்போர்ட்லயே படத்தோட எழுதணும். அது இல்லாத ரிப்போர்ட்டுல நம்பர் மட்டும்தான் இருக்கு.

எந்தத் துண்டு மேல கீறினாங்க, அதோட கடினம் எவ்வளவு, கோட்டிங் தடிமன் எவ்வளவு, அழுத்தம் ஏறுன வேகம், மேடை நகர்ந்த வேகம், தடத்தோட போட்டோ. ரெண்டு ரிப்போர்ட்லயும் இதெல்லாம் இருக்கான்னு பார்த்து இங்க போடுங்க.

தட்டாஞ்சாவடி டைமேக்கர்

கோட்டிங்காரங்க ரிப்போர்ட்: டெஸ்ட் கூப்பன், எம்2 ஹைஸ்பீடு ஸ்டீல், 64 எச்ஆர்சி (ராக்வெல் சி கடினம்), தடிமன் 4.1 மைக்ரான். நிமிஷத்துக்கு 100 நியூட்டன், மேடை நிமிஷத்துக்கு 10 மி.மீ. போட்டோ இல்லை.

வெளி லேப்: பஞ்சோட பக்கவாட்டு முகத்துலயே கீறியிருக்காங்க. 57 எச்ஆர்சி, தடிமன் 2.3 மைக்ரான். வேகங்கள் அதே. மூணு கீறல், மூணுக்கும் போட்டோ இருக்கு. தடத்தோட ரெண்டு பக்கமும் பிறை பிறையா உதிர்ந்திருக்கு.

மைக்ரான்

விடை பாதி கிடைச்சிடுச்சு. ஒரே லாட், ஒரே ரெசிபின்னாலும் சோதிச்சது ரெண்டு வேற ஜோடியை. எல்சி2 கோட்டிங்கோட தனிக் குணம் இல்லை. கோட்டிங், அடி உலோகம், இடையில உள்ள ஒட்டு, வைர முனை நாலும் சேர்ந்து கொடுக்குற நம்பர்.

கணக்காவே பார்ப்போம். கீறல் கடினத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு: 8 பெருக்கல் அழுத்தம், வகுத்தல் பை பெருக்கல் தடத்து அகலத்தின் வர்க்கம். ரெண்டு, நாலு மைக்ரான் கோட்டிங் தாங்குற பங்கை இப்போதைக்கு விட்டுட்டு, அடி உலோகம் மட்டும்தான் தாங்குதுன்னு வைங்க. 57 எச்ஆர்சிங்கிறது சுமார் 6.2 ஜிகாபாஸ்கல். 28 நியூட்டன்ல தடம் 107 மைக்ரான் அகலம் வரும். உருண்டை முனை இறங்குற ஆழம்னா, அகலத்தின் வர்க்கத்தை முனை ஆரத்தின் எட்டு மடங்கால, அதாவது 1600ஆல வகுக்கணும்: 7 மைக்ரான் சொச்சம். 64 எச்ஆர்சி கூப்பன்ல அதே 28 நியூட்டனுக்கு அகலம் 95, ஆழம் 5.7. அதே கோட்டிங்கை மெத்துனு இருக்குற எஸ்எஸ் 304 மேல போட்டு 28 நியூட்டன் கொடுத்தா அகலம் 190ஐத் தாண்டும், ஆழம் 22 மைக்ரானுக்கு மேல.

2.3 மைக்ரான் தடிமன் உள்ள தோல், 7 மைக்ரான் ஆழப் பள்ளத்துக்குள்ள வளைஞ்சு இறங்கணும். டைட்டானியம் நைட்ரைடு பீங்கான் சாதி. வளையும், ஆனா கொஞ்சம்தான். அடியில உள்ள ஸ்டீல் நிரந்தரமாக் குழிஞ்சு போனா, மேல உள்ளது விரிசல் விடுறதைத் தவிர வேற வழி இல்லை. பஞ்சு மெத்தையில் அப்பளத்தை வச்சு விரலால அமுக்குன கதைதான். அப்பளத்தைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

கூப்பன் ஏன் 46 தாங்குச்சுன்னா, அடி கெட்டி, மேல தடிமன் கூட. வழக்கமா ரெண்டுமே எல்சி2வை மேல தள்ளும். உங்க பஞ்ச் ரெண்டுலயும் குறைவு.

பிடிவாதம்

எனக்கு ஒரு சந்தேகம். பஞ்சுக்கு வைர ஊசி எங்க வந்து கீறப்போகுது? அது தகடு மேல இறங்குது, ஏறுது. எத்தனை அடிக்கு ஒருக்கா கிரைண்டிங் போடுறோம்னு நோட்டுல எழுதி வச்சா அதுவே ரிப்போர்ட். 46, 28னு சண்டை போடுறது லேபுக்குத்தான் வருமானம்.

மைக்ரான்

பாதி ஒத்துக்கிறேன். எல்சி2 46 இருந்தா பஞ்ச் இத்தனை அடி அடிக்கும்னு யாரும் கணக்குச் சொல்ல முடியாது. 1960ல பெஞ்சமின், வீவர் இந்தச் சோதனைக்கு முதல்ல கணக்கு எழுதுனப்பவே மெல்லிய உலோகப் படலம் கண்ணாடியில எவ்வளவு ஒட்டியிருக்குன்னு பார்க்கத்தான் எழுதுனாங்க. அதை வச்சு டூல் ஆயுள் சொல்றது பின்னால வந்த ஆசை. போன மாச லாட்டும் இந்த மாச லாட்டும் ஒண்ணா, பிவிடி சேம்பருக்குள்ள போறதுக்கு முன்னால சுத்தம் சரியா நடந்துச்சான்னு கண்டுபிடிக்க இதை விட விரைவான வழி கம்மி. அதுக்கு நிபந்தனை, அதே கூப்பன், அதே கடினம், அதே முனை. இல்லாட்டி நீங்க சொல்ற நோட்டே மேல்.

உலைக்காரர்

எல்லாரும் கோட்டிங்கையே பார்க்கிறீங்க. டி2 பஞ்ச் ஏன் 57ல நிக்குது? அதைக் கேளுங்க.

டி2வைக் கடினப்படுத்தின பிறகு 180, 200 டிகிரியில டெம்பர் பண்ணினா, அதாவது திரும்பச் சூடாக்கினா, 60, 61 எச்ஆர்சி கிடைக்கும். நம்ம பக்கத்துல நிறைய பேர் அப்படித்தான் கேட்டு வாங்குறாங்க, கடினம் கூட இருந்தா நல்லதுன்னு. அந்தப் பஞ்ச் பிவிடி சேம்பருக்குள்ள 400லருந்து 500 டிகிரி வரைக்கும் மணிக்கணக்குல உட்காருது. அது இன்னொரு டெம்பரிங்தான். 200ல டெம்பர் ஆன சரக்கு 450ஐப் பார்த்தா 57, 58க்கு இறங்கிடும். அளவும் மாறும், கடினமாகாம மிச்சமிருக்குற ஆஸ்டினைட் பகுதி வேற விளையாடும். கிளியரன்ஸ் கம்மியான டைன்னா உட்காரவே உட்காராது.

டைட்டானியம் நைட்ரைடு போடப்போற டி2வுக்கு 520 டிகிரி சுற்றுல குறைஞ்சது ரெண்டு டெம்பர் கேளுங்க. 58லருந்து 60 கிடைக்கும், சேம்பர் அதைத் தொடாது. விதி ஒண்ணுதான்: கோட்டிங் சூட்டை விட டெம்பரிங் சூடு மேல இருக்கணும். குறைஞ்ச டெம்பர்லதான் வேணும்னு அடம்பிடிச்சா, 200 டிகிரிக்குக் கீழ போடுற டிஎல்சி (வைரம் மாதிரிக் கார்பன்) போல வேற கோட்டிங்குக்குப் போகணும். கோட்டிங் முடிஞ்சு வந்ததும் பஞ்சோட பின்பக்கம், கோட்டிங் இல்லாத இடத்துல, ஒரு ராக்வெல் போட்டுப் பாருங்க. ஹீட் ட்ரீட்மென்ட் சர்டிபிகேட்டுல உள்ள நம்பர் சேம்பருக்கு முன்னால உள்ளது.

தட்டாஞ்சாவடி டைமேக்கர்

சர்டிபிகேட்டுல 61னு இருக்கு. டெம்பரிங் 200 டிகிரி. இப்பத்தான் எடுத்துப் பார்த்தேன்.

உலைக்காரர்

அப்ப கோட்டிங்காரர் பில்லுல கை வைக்காதீங்க. பஞ்ச் எந்தச் சூட்டுல டெம்பர் ஆச்சுன்னு அவர் கேட்காதது அவர் பக்கத் தப்பு, சொல்லாதது உங்க பக்கம்.

மெட்டலர்ஜி மாணவி

வணக்கம். இங்க கேட்கலாமான்னு தெரியலை. கடினம் கூடக் கூடக் கீறல் தாங்கும்னுதான் பாடத்துல இருக்கு. அப்ப 3000 விக்கர்ஸ் கடினம் உள்ள கோட்டிங் போட்டா பிரச்சினை தீருமே? அப்புறம், ரெண்டு பக்கமும் பிறை பிறையா உதிர்றதுக்கும் நடுவுல விரிசல் விடுறதுக்கும் என்ன வித்தியாசம்?

மைக்ரான்

தாராளமா கேளுங்கம்மா.

கடினம்னா நிரந்தரமாக் குழியாம எவ்வளவு தாங்கும்ங்கிறது. கோட்டிங்குக்கு அது மட்டும் போதாது. குழியாம, விரிசலும் விடாம எவ்வளவு தூரம் வளைஞ்சு திரும்பும்னும் பார்க்கணும். அதுக்குத்தான் கடினத்தை மீள்தன்மைக் குணகத்தால வகுத்துப் பார்க்கிறது. 2000ல லேலண்டும் மேத்யூஸும் எழுதுன கட்டுரைக்கு அப்புறம் இது பரவலாச்சு. டைட்டானியம் நைட்ரைடுக்கு கடினம் 24 ஜிகாபாஸ்கல், குணகம் 450னு வச்சா விகிதம் 0.05 சொச்சம். ஹைட்ரஜன் கலந்த டிஎல்சிக்குக் கடினம் கொஞ்சம் குறைவாக்கூட இருக்கலாம், குணகமும் 200க்குக் கீழ இருக்குறதால விகிதம் 0.1ஐத் தொடும். அதாவது அடி உலோகம் கொஞ்சம் அசைஞ்சாலும் கூடவே அசைஞ்சு கொடுக்கும். 3000 விக்கர்ஸை மெத்துனு இருக்குற ஸ்டீல் மேல போட்டா முதல்ல விரிசல் விடுறதும் அதுதான்.

இன்னொண்ணு, அந்த 3000ஐ எப்படி அளந்தாங்கன்னும் கேளுங்க. அடி உலோகம் குறுக்கிடாம இருக்க, பதியுற ஆழம் தடிமன்ல பத்துல ஒரு பங்குக்குள்ள இருக்கணும்னு ஒரு வழக்கம். 3 மைக்ரான் கோட்டிங்குக்கு 0.3 மைக்ரான். சாதாரண மைக்ரோ விக்கர்ஸ்ல 25 கிராம் வச்சா, 2000 விக்கர்ஸ் பொருள்ல மூலைவிட்டம் 4.8 மைக்ரான், ஆழம் அதுல ஏழுல ஒரு பங்கு, 0.7 மைக்ரான் கிட்ட. அளவு மீறிடுச்சு. 10 கிராமுக்கே 0.43. நானோ இண்டென்டேஷன் இல்லாம வர்ற கோட்டிங் கடினத்துல பாதி அடி ஸ்டீலோட குரல்.

தடத்தைப் படிக்கிறதுக்கு வர்றேன். முதல்ல கீறல் எந்தத் திசையில போச்சுன்னு குறிச்சுக்கணும், அதைக் குறிக்காத போட்டோவால பிரயோஜனமில்லை. வைரம் நகரும்போது அதுக்கு முன்னால கோட்டிங் அமுங்குது, பின்னால இழுபடுது. பின்னால இழுபட்டு விடுற விரிசல் வில் மாதிரி இருக்கும், வில்லோட திறந்த வாய் கீறல் போற திசையைப் பார்க்கும். பள்ளத்தோட வடிவத்துக்கு வளையப் பார்த்து விடுற விரிசல் இருக்கே, அதுக்கு வாய் எதிர்த் திசையில. இவை ரெண்டும் கோட்டிங்குக்குள்ளயே நடக்குறது. ஒட்டு விட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லை.

ஒட்டு விடுறது வேற. மெல்லிய கோட்டிங்ல முன்பக்கம் அமுங்கும்போது தோல் புடைச்சுக் கிளம்பும், அதை வைரம் ஏறி மிதிச்சு உடைக்கும். அகலமான பிறை வடிவத் திட்டு, வாய் கீறலுக்கு எதிர்த் திசையில. தடிச்ச கோட்டிங் புடைக்காது. குறுக்கே சாய்வா வெட்டிக்கிட்டு ஆப்பு மாதிரி மேல ஏறிப் பெயரும். வைரம் கடந்து போன பிறகு, அடி உலோகம் குழிஞ்ச இடத்துல நிற்க, கோட்டிங் மட்டும் திரும்பி நிமிரப் பார்க்குறப்ப பள்ளத்து ஓரமா உரிஞ்சு வர்றதும் உண்டு. டைமேக்கர் சொல்ற "ரெண்டு பக்கமும் பிறை" இதுவா, ஓரத்துல கோட்டிங்குக்குள்ளயே உடைஞ்ச சில்லான்னு போட்டோ பார்த்தாத்தான் சொல்ல முடியும். உரிஞ்ச இடத்துல அடி ஸ்டீலோட வெள்ளி நிறம் பளிச்சுனு இருந்தா ஒட்டுப் பிரச்சினை. மங்கலாத் தங்க நிறம் மிச்சமிருந்தா கோட்டிங் தனக்குள்ளயே உடைஞ்சிருக்கு.

மெட்டலர்ஜி மாணவி

அக்கவுஸ்டிக் எமிஷன் (விரிசல் சத்தத்தைப் பதியுற) வரைபடத்துல ஒரே பாய்ச்சலா மேல போற இடத்தை எல்சி2ன்னு எடுத்துக்கலாமா?

மைக்ரான்

கூடாது. சத்தம் எங்க தேடணும்னு காட்டும், அவ்வளவுதான். அடி உலோகத்துல உள்ள பெரிய கார்பைடு உடைஞ்சாலும் சத்தம் வரும், டி2வுல அதுக்குப் பஞ்சமே இல்லை. மைக்ரோஸ்கோப்புல கண்ணால பார்த்து முடிவு பண்ணணும். நிமிஷத்துக்கு 100 நியூட்டன், 10 மி.மீ.ன்னா ஒரு மி.மீ.க்கு 10 நியூட்டன். பூஜ்யத்துல ஆரம்பிச்ச கீறல்ல தொடக்கத்துலருந்து 2.8 மி.மீ. தள்ளி முதல் செதில் இருந்தா 28 நியூட்டன். அளவுகோல் வச்ச போட்டோ இருந்தா ரிப்போர்ட்டை வீட்டுல உட்கார்ந்தே சரிபார்க்கலாம்.

தட்டாஞ்சாவடி டைமேக்கர்

பார்த்தேன். பளிச்சுனு வெள்ளி. மூணு தடத்துலயும்.

ஆனா என் கேள்வி விளிம்பு. பக்கவாட்டு முகத்துல ஓட்டும்போது தானா உரியலை, கீறினாத்தான் உரியுது. விளிம்புல மட்டும் ஏன் தானாப் போகுது?

வயர்கட் வில்லியனூர்

இது என் ஏரியா. பஞ்ச் வயர்கட்டா (மின்பொறிக் கம்பியால வெட்டினதா), புரொஃபைல் கிரைண்டிங்கா?

தட்டாஞ்சாவடி டைமேக்கர்

வயர்கட். ஒரு ரஃப் கட், அதுமேல மெல்லிசா ஒரு ட்ரிம் கட்.

வயர்கட் வில்லியனூர்

ஒரு ட்ரிம்னா மேல உருகி உறைஞ்ச வெள்ளைத் தோல் அப்படியே இருக்கும். ரஃப் கட்டுல அது பத்து இருபது மைக்ரான் வரைக்கும் போகும். கண்ணாடி மாதிரி நொறுங்குற தோல், அதுலயே முடி விரிசல் ஏகத்துக்கும் இருக்கும். கோட்டிங் அதுமேல கெட்டியா ஒட்டிக்கிட்டு, அதையும் சேர்த்துத் தூக்கிட்டு வரும். கழண்ட செதிலைத் திருப்பிப் போட்டு மைக்ரோஸ்கோப்புல பாருங்க. அடிப்பக்கம் சாம்பல் நிறத்துல மேடு பள்ளமா ஏதாவது ஒட்டியிருந்தா அதுதான்.

ட்ரிம் கட் இன்னும் ரெண்டு மூணு கூட்டி, கரண்ட்டைப் படிப்படியாக் குறைச்சு ஓட்டச் சொல்லுங்க. அப்புறமும் ஆயில் ஸ்டோன், பிறகு வைரப் பேஸ்ட்டு வச்சு, வெட்டுற திசைக்கு இணையாத் தேய்ச்சு எடுக்கணும். கிரைண்டிங்ல முடிச்ச பஞ்சுன்னா சூட்டுக் கருப்பு இருக்கான்னு பாருங்க, அதுவும் இதே வேலையைத்தான் பண்ணும். பிசிறு இருந்தா அதை எடுத்துட்டுத்தான் அனுப்பணும். பிசிறு மேல கோட்டிங் போட்டா முதல் அடியிலயே பிசிறு முறியும், கூடவே தங்கமும் போகும்.

மைக்ரான்

வயர்கட் சொல்றதை முதல்ல சரி பண்ணுங்க. அதோட விளிம்புக்குன்னு தனியா இன்னொரு சங்கடம் உண்டு.

பிவிடி கோட்டிங் பிறக்கும்போதே அழுத்தத்துலதான் பிறக்குது. அயனிகள் மோதி மோதி அணுக்களைத் திணிக்குறதால வர்ற அழுத்தம் பெரும்பங்கு. அதுக்கு மேல சூடு ஆறும்போது டைட்டானியம் நைட்ரைடை விட ஸ்டீல் கூடுதலாச் சுருங்கும். 450 டிகிரியிலருந்து ஆறும்போது அதனால மட்டுமே அரை ஜிகாபாஸ்கல் அளவுக்கு அமுக்கம் வரும். மொத்தமாச் சேர்ந்தா சில ஜிகாபாஸ்கல். சமதளத்துல இது நல்லதுதான், விரிசலை வாய் திறக்க விடாது. கூர்மையான மூலையில அதே அழுத்தம் ரெண்டு முகத்துலருந்தும் வந்து சந்திச்சு, தோலை வெளியே நெம்பித் தள்ளும்.

உள்ளே சேர்ந்திருக்குற சக்தி, அழுத்தத்தின் வர்க்கத்தையும் தடிமனையும் பொறுத்தது. தடிமன் ரெண்டு மடங்குன்னா உரிக்கிற சக்தியும் ரெண்டு மடங்கு. அயனி ஓட்டமும் கூர் முனையில குவியுறதால முகத்தை விட விளிம்புல தடிமன் சேர்ந்துக்கும். அதனாலதான் "46 வந்த 4.1 மைக்ரானையே பஞ்சுக்கும் போட்டுக் கொடுங்க"ன்னு கேட்டுடாதீங்க. கூப்பன்ல நம்பர் ஜோரா வரும், விளிம்பு இன்னும் சீக்கிரம் போகும். வெட்டுற பஞ்சுக்கு ரெண்டு, ரெண்டரை மைக்ரான் போதும். விளிம்பைச் சுத்தமாக் கூரா விடாம, அஞ்சு பத்து மைக்ரான் ஆரம் வர்ற மாதிரி லேசா ஹோனிங் பண்ணி அனுப்புங்க. 0.8 தகட்டுக்கு அது வெட்டைக் கெடுக்காது.

பிடிவாதம்

2.3 மைக்ரான்னு லேப் சொல்றதை எப்படி நம்புறது? நம்மகிட்ட எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பா இருக்கு?

மைக்ரான்

வேண்டாம். 30 மி.மீ. ஸ்டீல் உருண்டையில வைரப் பேஸ்ட்டு தடவி, கோட்டிங் மேல சுழல விட்டுக் குழி எடுக்குறாங்க. மேலருந்து பார்த்தா ரெண்டு வட்டம் தெரியும். வெளி வட்டம் கோட்டிங் மேற்பரப்பு, உள் வட்டம் அடி ஸ்டீல். ரெண்டு விட்டத்தின் வர்க்கத்தையும் கழிச்சு, உருண்டை விட்டத்தின் நாலு மடங்கால வகுத்தா தடிமன். வெளி வட்டம் 0.9, உள் வட்டம் 0.6 மி.மீ.ன்னா 0.45ஐ 120ஆல வகுத்து 3.75 மைக்ரான். வட்டத்தோட ஓரம் பிசிறில்லாம வழவழன்னு இருக்கணும். பல் பல்லா இருந்தா ஒட்டு பலவீனம், அதுவே ஒரு துப்பு.

ஒட்டைப் பார்க்கவும் வைர ஊசி மெஷின் தேவையில்லை. உங்க டூல் ரூம் ராக்வெல் மெஷினே போதும். கோட்டிங் மேல சி ஸ்கேல்ல, 150 கிலோ அழுத்தத்துல ஒரு குழி போட்டு, 100 மடங்கு பெருக்கத்துல குழியைச் சுத்திப் பாருங்க. முடி முடியா விரிசல் மட்டும் வெளியே ஓடியிருந்தா ஒட்டுக் கிரேடு எச்எஃப்1, எச்எஃப்2. குழியைச் சுத்தி வளையமாத் தோல் கழண்டிருந்தா எச்எஃப்5, எச்எஃப்6. எச்எஃப்4 வரைக்கும் ஏத்துக்கலாம்னு வழக்கம். அடி ஸ்டீல் 54 எச்ஆர்சிக்கு மேலயும், கோட்டிங் அஞ்சு மைக்ரானுக்குள்ளயும் இருந்தாத்தான் இந்த வகைப்பாடு பொருந்தும்.

உலைக்காரர்

அடியைக் கெட்டியாக்க இன்னொரு வழி, கோட்டிங்குக்கு முன்னால பிளாஸ்மா நைட்ரைடிங். டி2வுல மேல 1000 விக்கர்ஸ் சுற்றுல கிடைக்கும், அம்பது மைக்ரானுக்கு மேல ஆழம் வாங்கலாம். மைக்ரான் சொன்ன குழிவு அங்கேயே நின்னுடும். ஆனா மேல வெள்ளைப் படலம் வராத மாதிரி நைட்ரஜனைக் குறைச்சு ஓட்டச் சொல்லணும். வந்துட்டா பாலிஷ் பண்ணி எடுத்துட்டுத்தான் பிவிடிக்கு அனுப்பணும். அதுமேலேயே போட்டா சேம்பர் சூட்டுல அது சிதைஞ்சு, மொத்தமும் தகடாப் பெயரும். மெல்லிய விளிம்புள்ள பஞ்சுக்கு நைட்ரைடிங் வேண்டாம், விளிம்பு நொறுங்கும்.

முதுநகர் பவுடர்கோட்

நடுவுல நுழையிறதுக்கு மன்னிக்கணும். கடலூர் முதுநகர், துறைமுகம் பக்கம் கேட், கிரில் வேலை. ஒரு பார்ட்டி "9எச் நானோ செராமிக்" போட்டா கீறலே விழாது, பவுடர் கோட்டிங் மேல அடிச்சுக்கலாம்னு சொல்றாங்க. 9எச்னா நீங்க சொல்ற விக்கர்ஸ் மாதிரியா?

மைக்ரான்

அது பென்சில். விளையாட்டுக்குச் சொல்லலை, நிஜமாவே பென்சில் கிரேடுதான். பென்சில் கரியைத் தட்டையா, ஓரம் கூரா வர்ற மாதிரி 400 நம்பர் எமரி தாள்ல தேய்ச்சு, 45 டிகிரியில 750 கிராம் அழுத்தத்தோட தள்ளணும். 6பில ஆரம்பிச்சு மேல போகலாம். எந்தக் கிரேடு பெயிண்ட்டைத் தோண்டுதோ அதுக்கு முந்தினது அந்தப் பெயிண்ட்டோட கிரேடு. பென்சில் பிராண்டு மாறினாலே ஒரு கிரேடு முன்னப்பின்ன போகும். 9எச் பென்சிலால ஜன்னல் கண்ணாடியைக் கீற முடியாது. ஆனா தேவனாம்பட்டினம் கடற்கரை மணல்ல உள்ள குவார்ட்ஸ் மோஸ் அளவுல 7, அது கண்ணாடியையே கீறும். துணியில நாலு மணல் பருக்கை ஒட்டியிருந்து துடைச்சா 9எச்சும் கோடு வாங்கும்.

பவுடர் கோட்டிங் பிளாஸ்டிக் சாதி. 60லருந்து 80 மைக்ரான் தடிமன். கீறல் அழுத்தம் லேசா இருந்தா பள்ளம் விழுந்து, தானாவே பாதி நிமிர்ந்துக்கும். கூடினா வெளுக்கும். அதுக்கும் மேல போனா மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக் கிழியும். கடைசியில வெட்டிக்கிட்டு உலோகத்தைத் தொடும். கீறல் வெறும் பள்ளமா, வெட்டான்னு தெரியணும்னா 60, 70 டிகிரி வெந்நீர்ல நனைச்ச துணியைக் கொஞ்ச நேரம் மேல போட்டுப் பாருங்க. பள்ளம் மங்கும், வெட்டு அப்படியே நிற்கும். வெயில்ல நின்ன கார் மேல சில கோடுகள் மறையுறதும் இதனாலதான். கிளியர் கோட் இளகுற சூட்டைத் தொட்டா நிமிர்ந்துக்கும்.

முதுநகர் பவுடர்கோட்

அப்ப கேட்டுக்கு எதைச் சோதிக்கணும்?

வயர்கட் வில்லியனூர்

உப்புக்காத்துல கீறல் விழுறதை விட, விழுந்த கீறல்லருந்து துரு எவ்வளவு தூரம் பெயிண்ட்டுக்கு அடியில நடக்குதுங்கிறதுதான் முக்கியம். அதுக்கு அடித்தளச் சுத்தம்தான். பாஸ்பேட் முடிச்சுக் கடைசி அலசலுக்கு உப்புக் கரிக்கிற போர் தண்ணியை ஊத்தாதீங்க. குளோரைடு பெயிண்ட்டுக்கு அடியிலேயே தங்கிடும், அப்புறம் கீறலே தேவையில்லை, தானாக் கொப்புளம் போடும். நல்ல தண்ணி, முடிஞ்சா டிஎம் (தாது நீக்கின) வாட்டர்.

மைக்ரான்

கட்டம் போட்டு ஒட்டைப் பாருங்க. 60 மைக்ரான் வரைக்கும் 1 மி.மீ. இடைவெளி, 61லருந்து 120 வரை 2 மி.மீ. குறுக்கே ஆறு, நெடுக்கே ஆறு வெட்டு, ஒவ்வொண்ணும் உலோகத்தைத் தொடணும். டேப் ஒட்டி இழுத்து, கழண்ட அளவுக் கிரேடு 0 (ஒண்ணும் கழலலை), 1 வந்தா சரி. ஓவன்ல காத்துச் சூட்டை நம்பாதீங்க. சாதாரணப் பாலியெஸ்டர் பவுடருக்கு இரும்பே 200 டிகிரிக்கு வந்து பத்து நிமிஷம் நிற்கணும். 6 மி.மீ. பட்டை ஏற எடுக்குற நேரம் வேற, 1 மி.மீ. தகடு ஏற எடுக்குற நேரம் வேற. சரியா வேகாத பவுடர் பென்சில்லயும் தோற்கும், எம்இகே கரைப்பான் நனைச்ச துணியால தேய்ச்சாலும் இளகும். உலோகம் வரைக்கும் போன கீறலுக்கு மேல செராமிக் தடவுறது வீண். 180 நம்பர் தாள்ல ஓரத்தைச் சரிவாத் தேய்ச்சு, துத்தநாக எபாக்சி பிரைமர், மேல பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட்.

முதுநகர் பவுடர்கோட்

ரொம்ப நன்றி சார். பார்ட்டிக்கு வேண்டாம்னு சொல்லிடுறேன்.

தட்டாஞ்சாவடி டைமேக்கர்

அடுத்த ஆர்டருக்கு இப்படி எழுதலாம்னு இருக்கேன்: "டி2, 520 டிகிரியில் இரண்டு டெம்பர், கோட்டிங்குக்குப் பின் 58 எச்ஆர்சிக்குக் குறையாமல். வயர்கட் நான்கு ட்ரிம், பிறகு பாலிஷ். டைட்டானியம் நைட்ரைடு 2 முதல் 2.5 மைக்ரான். ராக்வெல் குழி எச்எஃப்2க்குள். எல்சி2 40 நியூட்டனுக்குக் குறையாமல்." சரியா?

மைக்ரான்

கடைசி வரியை மாத்துங்க. 2 மைக்ரான் கோட்டிங், 58 எச்ஆர்சி டி2ன்னு இருந்தா 40ங்கிறது கூப்பன் நம்பரைப் பார்த்து எழுதினது. அதைப் பிடிக்கணும்னே தடிமனை ஏத்திடுவாங்க, உங்க விளிம்பு போயிடும். இப்படி எழுதுங்க: "சோதனைக் கூப்பன் நாங்கள் தருவோம், பஞ்சோடு சேர்ந்து ஹீட் ட்ரீட் ஆன டி2, அதே பாலிஷ். மூன்று கீறல், ஒவ்வொன்றுக்கும் அளவுகோலும் திசைக் குறியும் உள்ள போட்டோ. எல்சி1, எல்சி2 தனித்தனியே, எதை எதுவென்று எடுத்தீர்கள் என்ற விளக்கத்துடன்." முதல் லாட்டுல என்ன நம்பர் வருதோ, பஞ்ச் நல்லா ஓடுச்சுன்னா அதையே அடுத்த லாட்டுக்கு அடிவரம்பா வைங்க.

வைர முனையை எப்ப சரிபார்த்தாங்கன்னும் கேட்டு எழுதி வாங்குங்க. முனையில சில்லு போயிருந்தாலும், முந்தின கீறலோட தூள் ஒட்டியிருந்தாலும் நம்பர் தடம் மாறும். ஒவ்வொரு கீறலுக்கும் நடுவுல ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச தாள்ல முனையைத் துடைக்கணும்.

உலைக்காரர்

கூப்பனையும் பஞ்சையும் ஒரே கூடையில வச்சு அனுப்புங்க. பஞ்ச் ஒரு நாள், கூப்பன் ஒரு நாள்னு வந்தா ரெண்டுக்கும் ஒரே சூடுன்னு யாரும் கையெழுத்துப் போட முடியாது.

பிடிவாதம்

அடி எண்ணிக்கை நோட்டையும் கூடவே வைங்க டைமேக்கர். அடிவரம்பு வைக்க அது இல்லாம எப்படி?

தட்டாஞ்சாவடி டைமேக்கர்

வைக்கிறேன். கூப்பன் 25 மி.மீ. விட்டம், 8 மி.மீ. கனம் போதுமா?

மைக்ரான்

போதும். ரெண்டு முகமும் இணையா இருக்கணும், கிரைண்டிங் கோடு தெரியக் கூடாது. தெரிஞ்சா கோட்டுக்குக் குறுக்கே ஒரு நம்பர், நெடுக்கே ஒரு நம்பர் வரும்.